தினமும் காலையில் "நான் எழுத்தாளன்" என்று சொல்லிக்கொண்டால் எழுத்து வருமா?

பர்மாவின் மோல்மேன் நகரத்து வாசகர் ஒருவரின் கேள்வி, நவம்பர் 9

அக்கா, நான் கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கவிதையும் சின்னக் கதைகளும் எழுதுவேன். யாரிடமும் சொன்னதில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் ஒரு எழுத்தாளன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் அதை நம்பிவிடும், அப்புறம் எழுத்து தானாக வரும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போதே உள்ளே இன்னொருவன் சிரிக்கிறான். எழுத்து வரக் காணோம். விட்டுவிடவா, இன்னும் சத்தமாகச் சொல்லவா?

நவம்பர் 9, இரவு

சத்தம் வேண்டாம் தம்பி. அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.

நவம்பர் 10

நேற்று கரண்ட் போகிற நேரம், ஒரு வரியோடு ஓடிவிட்டேன். இன்று சாவகாசமாக எழுதுகிறேன்.

நான் ரங்கூன் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவள். உளுந்து, துவரை, பச்சைப்பயறு. பெரும்பாலும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற சரக்கு. மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த மாதிரியை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறவர்கள் வெளியே, வீசைக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற நான் உள்ளே. கதை எழுதுவதெல்லாம் ராத்திரியில்தான்.

மண்டியில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார். கோயிலுக்கோ அன்னதானத்துக்கோ படியால் அளந்து கொடுக்கும்போது முதல் படிக்கு "ஒண்ணு" என்று சொல்லவே மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே அளப்பார்கள். தானமாகப் போகிற உளுந்தில் லாபம் ஏது? இருந்தாலும் சொல்லுவார், சொல்லாமல் இரண்டாவது படிக்குப் போகமாட்டார். எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. "லாபம்" என்று சொல்லும்போது அவர் கையில் படி இருக்கும், படியில் உளுந்து இருக்கும். வெறுங்கையை ஆட்டி லாபம் லாபம் என்று அவர் சொல்லி நான் பார்த்ததில்லை.

நீ கண்ணாடி முன் நிற்கும்போது கையில் என்ன இருக்கிறது? பல்துலக்கியா?

நவம்பர் 10, மாலை

ஸ்ரீராமஜெயம் எழுதுகிறோமே, அதுவும் இதுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் அத்தை நோட்டு நோட்டாக எழுதியவர். கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஒன்று, சிவப்பு மை. தெருவில் குண்டு விழுந்தாலும் அந்தப் பக்கம் முடியாமல் எழுந்திருக்கமாட்டார்.

ஆனால் எழுதினால் ராமன் காப்பான் என்று எழுதினார் அத்தை. எழுதினால் தானே ராமன் ஆகிவிடலாம் என்று எழுதவில்லை. தம்பி கேட்பது இரண்டாவது வகை.

இங்கே ஷ்வேடகோன் பகோடாவில் 108 மணி மாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பர்மியப் பாட்டிகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். மணி உருளும்போது அவர்கள் முகத்தில் எந்தப் பாடும் இல்லை. எதையும் நிரூபிக்கிற அவசரம் இல்லாத முகம். கண்ணாடி முன் நிற்கிறவர் முகம் அப்படியா இருக்கும்?

நவம்பர் 12

இந்தக் கண்ணாடி வைத்தியத்துக்கு ஒரு மூதாதை உண்டு. பிரான்சில் மருந்துக்கடைக்காரராக இருந்து, பிறகு நான்சி நகரத்தில் வைத்தியம் பார்த்த எமில் கூவே, 1926-இல் இறந்தவர். "தினம் தினம், எல்லா வகையிலும், மேலும் மேலும் தேறிவருகிறேன்" என்று காலையும் இரவும் 20 தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட ஒரு நூல். கண் மூடி, உதடு அசைந்தால் போதும், தன் காதில் விழுகிற அளவு குரல் போதும் என்பதும் அவர் சொன்னதே. முக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துச் சொல்லக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். மன உறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனைதான் ஜெயிக்கும் என்பது அவர் கட்சி.

ஆகவே தம்பி, சத்தம் கூடாது என்று நான் விளையாட்டாகச் சொன்னதற்கு நான்சிக்காரரும் சாட்சி.

இன்னொன்று கவனி. "நான் குணமானவன்" என்று அவர் சொல்லச் சொல்லவில்லை. தேறிவருகிறேன், அவ்வளவுதான். அதை உள்ளே இருக்கிறவன் எதை வைத்து மறுப்பான்? இன்று இருமல் இருந்தாலும் நேற்றைவிடக் குறைவு என்று ஒரு பதில் இருக்கிறது. "நான் எழுத்தாளன்" என்றால் உடனே எதிர்க்கேள்வி வந்துவிடும். எங்கே, காட்டு பார்ப்போம்.

நவம்பர் 13

உள்ளே சிரிக்கிறவனைப் பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட்டும் கூட்டாளிகளும், "நான் அன்புக்குரிய ஆள்" என்கிற வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு மனம் கொஞ்சம் தெம்பானது. தன்மேல் மதிப்புக் குறைந்தவர்களுக்குச் சொல்லாமல் இருந்ததைவிட மோசமானது. தேவைப்படுகிறவருக்கு உதவவில்லை, தேவைப்படாதவருக்கு உதவியது. ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டது.

என் கதையும் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு பேரேட்டின் முன் அட்டை உட்புறத்தில் பென்சிலால் "நான் எழுத்தாளர்" என்று எழுதிவைத்தேன். தினமும் வேலை தொடங்கும்போது முதலில் கண்ணில் படட்டும் என்று. முதல் சில நாள் சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கதை அனுப்பியிருந்தேன். பதிலே இல்லை. நினைவூட்டி எழுதினேன், அதற்கும் இல்லை. அப்புறம் அந்தப் பென்சில் வரி என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எழுதாத வாரங்களில் பேரேட்டைப் பின்பக்கமாகத் திறக்கத் தொடங்கினேன்.

முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டார். "இது எந்தக் கணக்கும்மா?" என்றார். வராக்கடன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நவம்பர் 16

ஆக்டேவியா பட்லரை மறந்துவிட்டீர்களா என்று ஒரு வாசகி கோபப்பட்டிருக்கிறார். மறக்கவில்லை. இந்தப் பேச்சு வந்தால் யாராவது அவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று காத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1988-இல் ஒரு நோட்டின் உள்ளட்டையில், தன் புத்தகங்கள் அதிகம் விற்கும் பட்டியலில் ஏறும், லட்சக்கணக்கானவர்கள் படிப்பார்கள் என்று அடித்து எழுதிவைத்தார். கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் அவருடைய காகிதங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் படம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அவர் 2006-இல் இறந்தார். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் அவருடைய நாவல் ஒன்று ஏறியது 2020-இல். எழுதியது பலித்தது, பார்க்கத்தான் அவர் இல்லை.

படத்தைப் பகிர்கிறவர்கள் விட்டுவிடுகிற சங்கதி வேறு. அவருடைய முதல் நாவல் 1976-இல் வந்துவிட்டது. அந்த உள்ளட்டை வரிகளை எழுதும்போது ஏழெட்டு நாவல்கள் கையில் இருந்தன, பெரிய விருதுகளும் வாங்கியாகிவிட்டது. அதற்கு முன்பு பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் சரக்குச் சோதித்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு அந்த வேலைகளுக்குப் போனார். படியில் உளுந்து இருந்தது என்கிறேன்.

அந்தப் பக்கத்திலேயே, இதற்கான வழியை நான் கண்டுபிடிப்பேன் என்றும் ஒரு வரி இருக்கிறது. எனக்கு மற்ற வரிகளைவிட அதுதான் பிடிக்கும்.

நவம்பர் 17

பாரதியும் தன்னைக் கவிஞன் என்று சொல்லிக்கொண்டவர்தானே என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், விநாயகர் நான்மணிமாலையில் தன் தொழில் கவிதை என்று பிள்ளையாரிடமே சொல்லிவைத்தவர். கண்ணாடியிடம் சொல்லவில்லை. கையோடு நாட்டுக்கு உழைப்பதையும் கண் இமைக்கிற நேரம்கூடச் சோர்ந்துவிடாமல் இருப்பதையும் தன் தலையில் கட்டிக்கொண்டார். பட்டம் மட்டும் கேட்டிருந்தால் பிள்ளையார் கண்டுகொண்டிருக்க மாட்டார்.

நவம்பர் 21

நாம் இருக்கிற ஊரைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கே எழுத்தாளருக்கென்று ஒரு நாளே இருக்கிறது. நடோ மாதத்து வளர்பிறை முதல் நாள், பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். மூத்த எழுத்தாளர்களை மேடையில் உட்காரவைத்து மரியாதை செய்வார்கள். குளிர்காலம் வந்தால் ஊர் ஊராக இலக்கியச் சொற்பொழிவு. தெருவை அடைத்துப் பாய் விரித்து, நள்ளிரவு வரை ஜனம் கேட்டுக்கொண்டிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது.

எழுதுகிறவரை இங்கே "சயா" என்பார்கள், பெண் என்றால் "சயாமா". ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் என்னை சயாமா என்று கூப்பிட்டார். கால் தரையில் படவில்லை. என் கதையைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் பார்த்தால், நர்ஸ், டீச்சர், ஆபீஸ் பெண்கள் எல்லோருக்கும் அதே மரியாதைதான். மண்டியில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஒரு நாளில் நிறைய எழுதினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

பர்மிய எழுத்தாளர்கள் பெயரிலேயே வேலையைக் கட்டிக்கொள்வார்கள். மாண்டலேயின் லூடு டோ அமா பெயரில் இருக்கிற லூடு, அவரும் கணவரும் நடத்திய பத்திரிகையின் பெயர். பத்திரிகை பூட்டப்பட்ட பிறகும் பெயர் போகவில்லை, 2008-இல் அவர் இறக்கும்வரை.

பன்சோடான் தெரு நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் எண்பதுகளின் பத்திரிகைகள் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். தணிக்கைக்காரர்களுக்குப் பிடிக்காத வரிகள்மேல் வெள்ளி நிற மை பூசியிருக்கும். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரிரு எழுத்து தெரியும், மிச்சம் தெரியாது. பூசின இடம் தடித்துப் போயிருக்கும், விரலால் தடவினால் தெரியும். அச்சுக்கு முன் தணிக்கை என்கிற அந்த வழக்கம் 2012 ஆகஸ்ட்டில்தான் ஒழிந்தது. தன் வரிமேல் மை பூசப்பட்டு வீட்டுக்கு வந்த பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையில் தன்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று யோசிப்பதுண்டு. ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அடுத்த மாதத்துக்கு எழுதியிருப்பார்.

நவம்பர் 23

தம்பி தன் முகநூல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் "எழுத்தாளர்" என்று மாற்றிவிட்டாராம். நண்பர்கள் வாழ்த்தினார்களாம். "ரொம்ப நிம்மதியாக இருக்கிறது அக்கா" என்கிறார்.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 2009-இல் தன் குழுவோடு சட்ட மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. நல்ல வழக்கறிஞராகவேண்டும், அதற்காக உழைப்பேன் என்று எழுதித் தருகிறார்கள். சிலருடையதை ஆராய்ச்சியாளர் அவர்கள் எதிரிலேயே படித்தார், சிலருடையதைப் படிக்கவில்லை. அப்புறம் வழக்குகளைக் கொடுத்து வேலை செய்யச் சொன்னால், படிக்கப்பட்டவர்கள்தான் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். மற்றவர் பார்த்துத் தலையாட்டியதுமே பாதி வக்கீல் ஆகிவிட்ட நிறைவு.

முகநூலை மாற்றிய பிறகு என்ன எழுதினாய் தம்பி? கோபித்துக்கொள்ளாதே, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நவம்பர் 24

ராத்திரி படுத்தபடி யோசித்தேன். நேற்று எழுதியது ஆம்பிளைகளுக்குத்தான் முழுசாகப் பொருந்தும்.

எங்கள் வீட்டில் நான் பல வருடம் யாரிடமும் சொல்லாமல்தான் எழுதினேன். சொல்லாமல் எழுதுகிற பெண் வீட்டாருக்கு எப்படித் தெரிவாள் என்றால், சும்மா உட்கார்ந்திருக்கிறவளாக. சும்மா இருக்கிறவளை யாரும் கூப்பிடலாம். "அந்த அரிசியைக் கொஞ்சம் பார்", "பையன் சட்டைக்குப் பொத்தான் இல்லை", "நீ ஃப்ரீயாத்தானே இருக்கே". ஒருநாள் மாமியாரிடம் சொல்லியே விட்டேன். "அத்தை, நான் கதை எழுதுறேன். ராத்திரி ஒரு மணிநேரம் என்னைக் கூப்பிடவேண்டாம்." அவர் ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பணம் வருமா?" என்றார். வராது என்றேன். "அப்ப சரி, உடம்பைக் கெடுத்துக்காதே" என்று போய்விட்டார். பணம் வரும் என்றிருந்தால் கணக்குக் கேட்டிருப்பாரோ என்னவோ.

அன்றிலிருந்து அந்த ஒரு மணிநேரம் என்னுடையது. என் மகள் கதவைத் தட்டினால், "உன் அம்மா எழுதுறா, போ" என்று அத்தை விரட்டுகிற சத்தம் கேட்கும். கண்ணாடியிடம் ஆயிரம் தடவை சொல்லியும் கிடைக்காத ஒன்று, மாமியாரிடம் ஒரே தடவை சொல்லிக் கிடைத்தது. ஆகவே, யாரிடமும் சொல்லாதே என்றும் நான் சொல்லவில்லை. உன் நேரத்தைப் பிடித்துவைத்திருக்கிறவர் யாரோ, அவரிடம் சொல். தம்பிக்கு அது கடை முதலாளியாக இருக்கலாம். வாழ்த்து சொல்கிறவர்களிடம் சொல்லி என்ன வரும்?

நவம்பர் 28

வேறு வாக்கியம் ஏதாவது உண்டா என்று கேட்டவர்களுக்கு. 2010-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கை செய்தார்கள். கையெழுத்தைப் பற்றிய ஆய்வு என்று பொய் சொல்லி, சிலரை "செய்வேன்" என்கிற மாதிரியும் சிலரை "செய்வேனா" என்கிற மாதிரியும் 20 தடவை எழுதவைத்தார்கள். பிறகு எழுத்து மாற்றிப் போடும் புதிர்கள் கொடுத்தால், கேள்வியாக எழுதியவர்கள் அதிகம் விடுவித்தார்கள். சின்ன ஆய்வு, இதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளவேண்டாம். எனக்கு ஒத்துவந்தது என்பதால் சொல்கிறேன். "இன்றைக்கு எழுதுவேனா?" என்று கேட்டால் உள்ளே இருக்கிறவன் சிரிப்பதில்லை. யோசிக்கிறான். "எத்தனை மணிக்குக் கரண்ட் வரும்?" என்று திருப்பிக் கேட்கிறான்.

அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது. இதுவும் கோல்விட்சர் சரக்குதான், 1999. என்னுடையது இப்படி: கரண்ட் வந்தால் மோட்டார் போடுவேன், மோட்டார் போட்டால் தொட்டி நிரம்புகிற வரை எழுதுவேன். ரங்கூன்காரர்களுக்குப் புரியும். கரண்ட் முறைவைத்து வருகிற ஊரில் தண்ணீர் ஏற்றுகிற நேரம் எப்படியும் முழித்திருக்கவேண்டிய நேரம். தொட்டி வழிந்து கீழ்வீட்டுக்காரர் கத்தினால் கதை நன்றாகப் போகிறது என்று அர்த்தம். போன வாரம் இரண்டு தடவை கத்தினார்.

டிசம்பர் 2

பர்மாவில் தமிழில் எழுதி யார் படிக்கப்போகிறார்கள், பர்மிய மொழியில் எழுதினாலாவது சயாமா ஆகலாமே என்று ஒரு அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி, கொஞ்சம் வலிக்கிற கேள்வியும்கூட.

1964-இல் கடைகளையும், அடுத்த ஓரிரு வருடத்தில் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிப்பது பர்மிய எழுத்தில். கோயிலை ஒட்டி நடக்கிற வகுப்புகளில் அ, ஆ படித்த என் வயதுக்காரர்கள் ஒரு கைக்கு அடங்குவார்கள். அதனால் எங்கள் சந்தில் நான் கதையை வாசித்துக் காட்டுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, நாலைந்து பேர், டீயும் சமோசாவும். எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு சித்தி போன தடவை நடுவில் நிறுத்தி, "அந்தப் பொம்பளை கதவைத் திறந்தாளே, அப்ப நாய் எங்கே போச்சு?" என்றார். இரண்டு பக்கம் முன்னால் நாயைக் கொண்டுவந்து கட்டியிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். இதழாசிரியர் யாரும் எனக்கு அவ்வளவு உதவினதில்லை.

பர்மிய மொழியில் எழுதலாம்தான். என் சண்டை, கணக்கு, சாமி எல்லாம் தமிழில் இருக்கிறது. கதை மட்டும் வேறு வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 6

தம்பி ஒரு கதை அனுப்பியிருக்கிறார். பழுதே இல்லாத கைபேசியை வாராவாரம் கடைக்குக் கொண்டுவருகிற ஒரு பெரியவரைப் பற்றி. கண்ணாடிப் பழக்கம் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "கடை திறந்ததும் முதல் ஆள் வருகிற வரை எழுதுகிறேன் அக்கா, கண்ணாடிக்கு நேரம் இல்லை" என்கிறார். முகநூலில் பட்டம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

கதைக்கு வருகிறேன். திருகாணிகளைக் காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குகிற இடம் நன்றாக இருக்கிறது, அந்த மாதிரி விஷயம் கடையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். "தனிமை என்பது ஒரு நோய்" என்று தொடங்குகிற பத்தியைத் தூக்கிவிடு, பெரியவர் மூன்றாம் தடவை வரும்போதே நமக்குப் புரிந்துவிடுகிறது. முதல் பக்கத்தில் அவருக்கு மூன்று மகள்கள், கடைசிப் பக்கத்தில் இரண்டு. ஒருத்திக்கு ஏதாவது ஆகிவிட்டதென்றால் அதை எழுது, இல்லையென்றால் எண்ணிக்கையைச் சரிசெய். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் சித்தி முன்னால் வாசித்துப் பார்த்துவிடலாம்.